நண்டு வளை கல்லாகுமா?

மதிப்புக்குரிய ஐயா,

கொட்டியாற்றுக் குடாவோரக் கண்டல் சேற்றில் மாணவருக்கு நண்டு வளைகளைக் காட்டினேன். "இவையும் உயிர்ச்சுவடாகுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். மேலே சேறு படிந்து அமுக்கினால் துளை அழிந்துவிடாதா? பாறையில் காணும் பழைய வளைகள் பல முட்டை வடிவில் இருப்பது ஏன்?

– ஓர் ஆசிரியை, மூதூர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஆகலாம். ஆனால் வெறுந்துளை தப்பாது. பாரம் ஏறுமுன் அதற்குள் ஏதாவது நிரம்ப வேண்டும். வடகீழ்ப் பருவமழையில் மகாவலி பெருகி மணலைக் கொண்டுவந்து வளைக்குள் கொட்டினால், அந்த வளைக்கு வாய்ப்பு உண்டு.

புதுச் சேற்றின் கனவளவில் 70, 80 வீதம்கூடத் தண்ணீராக இருக்கும். பாரம் ஏற ஏற அது பிதுங்கி வெளியேற, களித் துணிக்கைகள் கிடையாகப் படுத்துப் படை மெலியும். மணலில் மணிகள் ஒன்றையொன்று தாங்குவதால் இறுக்கம் குறைவு. எனவே மணல் நிரம்பிய கிடைவளை ஏறக்குறைய உருண்டையாகவே நிற்கும். களிப் படலங்கள் அதைச் சுற்றி வளைந்து செல்லும். நிமிர்ந்த மணற்குழாயோ, சுற்றியுள்ள சேறு குட்டையாவதால் மடிந்து நெளிந்துவிடும்.

முட்டை வடிவந்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சேற்றாலேயே நிரம்பிய கிடைவளை சுற்றுச் சேற்றோடு சேர்ந்து நசியும்; அகலம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் குறையும். வட்டமாக இருந்த வளை இன்று 10 மில்லிமீற்றர் அகலமும் 4 மில்லிமீற்றர் உயரமும் கொண்டிருந்தால், அது நசியத் தொடங்கிய பின் அந்தப் படை 40 வீதத் தடிப்புக்கு ஒடுங்கியிருக்கிறது. இத்தனை தெளிவாகக் கணக்குச் சொல்லும் சுவட்டை உருக்குலைந்தது என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். சாய்வும் இப்படியே மாறும்: 45 பாகையில் இறங்கிய வளை, படை பாதியானால் சுமார் 27 பாகைக்குப் படுத்துவிடும். உயர்தர மாணவருக்குத் தான்சன் கணக்காகவே கொடுக்கலாம்.

இறுகுமுன்னே கனிமம் ஊறிக் கெட்டிப்பட்ட வளைகள் நசிவதே இல்லை. இங்கிலாந்தின் வெண்சுண்ணப் படைகளில் இறால் போன்ற உயிரிகளின் வளைகள் தீக்கல்லாகி, கிளைகளோடு முழு உருவத்தில் கிடைப்பது அதனால்தான்.

கோணேசர் மலையில் மட்டும் தேட வேண்டாம். அது மண்ணைத் துளைக்கும் விலங்குகள் தோன்றுமுன் படிந்த மணல். பின்னர் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை.

அடுத்த முறை, நண்டு விட்டுப்போன வளையொன்றில் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றி, நன்றாக இறுகிய பின் தோண்டி எடுங்கள். அகலத்தையும் சாய்வையும் மாணவர்களே அளக்கட்டும். படை பாதியானால் அந்த வளை எப்படி இருக்கும் என்று அருகிலேயே வரையச் சொல்லுங்கள்.