டிஃபெனஸ்ட்ரேஷன்: ஜன்னலா, பதவியா?

வணக்கம். கட்சித் தலைவரை 'டிஃபெனஸ்ட்ரேட்' செய்தார்கள் என்ற ஆங்கிலச் செய்தியை 'ஜன்னல் வழியே வீசினார்கள்' என்று மொழிபெயர்த்ததால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை. நேர்ப்பொருள் அதுதான், லத்தீனில் 'ஃபெனஸ்ட்ரா' என்றால் ஜன்னல்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1618 மே 23 அன்று பிராகா கோட்டையில், பொகீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் கத்தோலிக்க அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் ஜன்னலிலிருந்து கீழே தள்ளினார்கள். சுமார் 70 அடி உயரம். மூவருமே பிழைத்துக்கொண்டார்கள்! தேவதூதர்கள் தாங்கினார்கள் என்றது கத்தோலிக்கத் தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் மூண்டது இதையொட்டித்தான்.

இன்றைய அரசியல் செய்தியில் இது பெரும்பாலும் உருவகம். பதவியில் இருப்பவரை, பல நேரம் சொந்தக் கூடாரத்தினரே, சட்டென்று வெளியே தள்ளுவது. 'பதவி நீக்கம்' என்றால் பொருள் சரி, வேகம் போய்விடும். நானாக இருந்தால் 'பதவியிலிருந்து தூக்கியெறிந்தார்கள்' என்று எழுதுவேன். தானாக விலகியவருக்கு இச்சொல் ஒட்டாது. உங்கள் செய்தியில் அவர் எப்படிப் போனார் என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.