எண்ணெய் கலங்கினால் சங்கல்பமும் கலங்குமா?
மந்திர எண்ணெய், மந்திரத் திரவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பச்சை ரோஸ்மேரித் தழையையும் ரோஜா இதழ்களையும் ஆலிவ் எண்ணெயில் ஊறப்போட்டு, பௌர்ணமி வரை மூடி வைத்திருந்தேன். எண்ணெய் கலங்கிவிட்டது. மூடியைத் திறந்ததும் நுரைத்தது, புளித்த வாடையும் வந்தது. சங்கல்பம் பலிக்காது என்பதற்கு இது அறிகுறியா?

பதில்: இல்லை. இது ஈரம் செய்த வேலை. பச்சைத் தழையின் எடையில் பெரும்பகுதி நீர்தான். அது மெல்ல எண்ணெய்க்குள் இறங்கி அடியில் தங்குகிறது. மேலே எண்ணெய் மூடியிருப்பதால் காற்றுப் புகாத அந்த ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. நீங்கள் கண்ட நுரை அவை விட்ட வாயு. பாட்டுலிசம் என்ற கொடிய நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமிக்கும் இதே சூழல்தான் பிடிக்கும். அதன் நஞ்சை வாடையை வைத்தோ நிறத்தை வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. வடிகட்டி மீட்கப் பார்க்காமல் அப்படியே அப்புறப்படுத்திவிடுங்கள்.

அடுத்த முறை நன்றாகக் காய்ந்த மூலிகையை மட்டும் எடுங்கள். இலையைக் கசக்கினால் நொறுங்க வேண்டும், காம்பை வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். ரோஜா இதழ் ஏமாற்றும். மேலே காய்ந்திருந்தாலும் அடிப்பக்கத்தில் ஈரம் நிற்கும், அதனால் இன்னும் இரண்டு மூன்று நாள் நிழலில் உலரட்டும். இலை, பூ என்றால் 10 கிராமுக்கு 100 கிராம் எண்ணெய். பட்டை, வேர் என்றால் 20 கிராமுக்கு 100 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், ஒரு கரண்டி பூவும் ஒரு கரண்டி வேரும் எடையில் ஒன்றல்ல. கழுவிய கண்ணாடி ஜாடியில் ஒரு துளி நீர் ஒட்டியிருந்தாலும் பழைய கதைதான், ஆகவே ஜாடியை ஓவனில் இளஞ்சூட்டில் உலர்த்தி ஆறவிடுங்கள். மூலிகை முழுதும் எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும்.

ஈர்க்கும் காரியத்துக்கு வளர்பிறையிலும், விலக்கும் காரியத்துக்குத் தேய்பிறையிலும் தொடங்குவது பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம். நான்கு முதல் ஆறு வாரம் இருட்டில் வையுங்கள். தினமும் ஜாடியைக் குலுக்கும் நேரத்தில் சங்கல்பத்தைச் சொல்லலாம். பௌர்ணமி நிலவில் வைப்பதாக இருந்தால் விடிவதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள், வெயில் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு நாள் தெளியவிட்டு, அடியில் தங்கிய மண்டியை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: எந்த அடிப்படை எண்ணெய் நல்லது?

பதில்: நாள்பட வைத்திருக்க ஜொஜோபா (ஒரு பாலைவனச் செடியின் விதை எண்ணெய்). வேதியியல்படி அது திரவ மெழுகு என்பதால் எளிதில் சிக்கு வாடை பிடிக்காது. ஆலிவ், பாதாம் எண்ணெய்கள் ஓராண்டு வரை தாங்கும். திராட்சை விதை எண்ணெய் லேசாக இருந்தாலும் சீக்கிரம் கெடும். வைட்டமின் ஈ சேர்த்தால் (100 கிராமுக்கு அரை கிராம்) சிக்கு பிடிப்பது தள்ளிப்போகும், ஆனால் கிருமியை அது தடுக்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

கேள்வி: அப்ரமெலின் எண்ணெயை (அப்பெயருள்ள பழைய மந்திர நூலில் வரும் பூசு எண்ணெய்) எசென்ஷியல் ஆயில்களை, அதாவது செடியிலிருந்து வடித்த அடர்ந்த சாரங்களை, வைத்துச் செய்து நெற்றியில் இட்டேன். தோல் சிவந்து எரிந்தது. சிலர் அது சக்தி இறங்குவதன் அடையாளம் என்கிறார்கள்.

பதில்: அது லவங்கப்பட்டைச் சாரம் தோலைப் புண்ணாக்குவதன் அடையாளம். அந்த நூலின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் எசென்ஷியல் ஆயில் என்ற பேச்சே இல்லை. வெள்ளைப்போளம் ஒரு பங்கு, லவங்கப்பட்டை இரண்டு பங்கு, அரத்தை அரைப் பங்கு, இவற்றின் மொத்த எடையில் பாதி ஆலிவ் எண்ணெய். சரக்குகள் எல்லாம் முழுசாக, காய்ந்த நிலையில். பின்னால் அதைச் சாரங்களுக்கு மாற்றியபோது புழங்கத் தொடங்கிய அளவு: பட்டை 8, வெள்ளைப்போளம் 4, அரத்தை 2, எண்ணெய் 7. அதாவது மொத்தம் 21 பங்கில் 8 பங்கு லவங்கப்பட்டைச் சாரம், ஏறக்குறைய 38 விழுக்காடு. தோலில் படும் எண்ணெயில் பட்டைச் சாரத்துக்குச் சொல்லப்படும் பாதுகாப்பு எல்லை 0.07 விழுக்காடுதான். 100 மில்லிக்கு ஒரு துளியைத் தாண்டினால் போதும், எல்லை நெருங்கிவிடும். நீங்கள் இட்டது அதைப்போல் ஐந்நூறு மடங்குக்கு மேல்.

எரிந்தால் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சாரம் நீரில் கரையாது. வெறும் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

அந்தப் பழைய அளவில் செய்ய விரும்பினால்: வெள்ளைப்போளம் 10 கிராம், பட்டை 20, அரத்தை 5. கணக்குப்படி எண்ணெய் 17.5 கிராம். அதில் பொடி வெறும் விழுதாகத்தான் நிற்கும், வடிக்க ஒன்றும் வராது. எண்ணெயை 175 கிராமாக உயர்த்துவதே எங்கள் பரிந்துரை. சரக்குகளின் விகிதம் மாறாது, ஊறவும் இடம் கிடைக்கும். வெள்ளைப்போளம் பிசின் என்பதால் இடிக்கும்போது உரலில் ஒட்டும். ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் நொறுங்கும். அது எண்ணெயில் முழுதாகக் கரையாது, அடியில் தங்குவது குறையல்ல. இந்த எண்ணெயையும் முழங்கை உள்மடிப்பில் தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே நெற்றிக்கு எடுங்கள்.

மற்ற எசென்ஷியல் ஆயில்களுக்குப் பொதுக் கணக்கு: 30 மில்லி அடிப்படை எண்ணெய்க்கு 12 துளி சேர்த்தால் சுமார் 2 விழுக்காடு. முகத்துக்கு அதில் பாதி. பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழத்தின் சாரம்) பட்ட தோலில் வெயில் பட்டால் கருகிவிடும், அதைச் சேர்த்த எண்ணெயை இரவுச் சடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெழுகுவர்த்திக்கு எண்ணெய் பூசி மூலிகையில் உருட்டி ஏற்றினேன். சுடர் ஒரு சாண் உயரம் எழுந்தது. நல்ல சகுனமா?

பதில்: எண்ணெயில் ஊறிய ஒவ்வொரு இலைத் துணுக்கும் தனித் திரியாக மாறிவிட்டது, அவ்வளவுதான். சுடரைப் பார்த்துக் குறி சொல்ல வேண்டுமென்றால் முதலில் சுடர் சீராக எரியும்படி வர்த்தியைத் தயார் செய்ய வேண்டும். நீளமான வர்த்திக்கு மூன்று நான்கு துளி போதும். விரலால் படலமாகத் தேயுங்கள், திரியைச் சுற்றி எண்ணெய் தேங்கக் கூடாது. மூலிகையை மாவாகப் பொடித்து, வர்த்தியின் அடி மூன்றில் ஒரு பங்கில் மட்டும் லேசாக ஒட்டுங்கள். சுடர் அந்த இடத்துக்கு இறங்கும்போது பக்கத்தில் இருங்கள். ஆல்கஹாலில் செய்த கரைசலை வர்த்திக்கு ஒருபோதும் பூச வேண்டாம். தீ எழும்பினால் உலோக மூடியால் கவிழ்த்து மூடுங்கள். உருகிய மெழுகில் தண்ணீர் பட்டால் தீ சிதறும்.

கேள்வி: நிலவு நீரில் (நிலவொளியில் வைத்து எடுத்த நீர்) கற்களைப் போட்டுக் குடிக்கலாமா?

பதில்: கல்லை நீருக்குள் போடாதீர்கள். மலக்கைட்டில் செம்பு, கலீனாவில் ஈயம், சின்னபாரில் பாதரசம் இருக்கிறது. செலினைட் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மூடிய கண்ணாடி ஜாடியில் நீர், ஜாடிக்கு வெளியே சுற்றிலும் கல். இதுவே போதும். நிலவு நீரைத் தெளிப்பானில் ஊற்றிப் பல வாரம் வைத்திருக்க, கலவையில் ஆல்கஹால் 25 விழுக்காடாவது வேண்டும். 40 விழுக்காடு வோட்கா என்றால் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு நீர். பாதிக்குப் பாதி கலந்தால் 20 விழுக்காடுதான் வரும், அது போதாது.

கேள்வி: சூனியக்காரிகள் பறப்பதற்குப் பூசிக்கொண்டதாகச் சொல்லப்படும் பழைய பறக்கும் களிம்பை வீட்டில் செய்ய முடியுமா? வசிய மருந்தை ஒருவருக்குத் தெரியாமல் பானத்தில் கலக்கலாமா?

பதில்: இரண்டுக்கும் கண்டிப்பாகக் கூடாது என்றே சொல்வோம். பழைய களிம்புக் குறிப்புகளில் வரும் பெல்லடோனா, ஹென்பேன், ஊமத்தை ஆகிய மூன்று செடிகளிலும் அட்ரோபின், ஸ்கோபோலமைன் என்ற நஞ்சுகள் உண்டு. அவை தோல் வழியாகவே உடம்பில் ஏறும். செடிக்குச் செடி அளவு மாறுவதால் பத்திரமான அளவு என்று ஒன்றை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. மணத்துக்காகவும் அடையாளத்துக்காகவும் மக்வார்ட் என்ற மண மூலிகை ஊறிய எண்ணெயைத் தேன்மெழுகோடு (எண்ணெய் 4 பங்கு, மெழுகு 1 பங்கு) உருக்கிக் களிம்பாக்குங்கள். கருவுற்றிருப்பவர்கள் மக்வார்ட்டையும் தவிர்க்க வேண்டும்.

பிறர் அறியாமல் எதையும் குடிக்கக் கொடுப்பது எந்த நோக்கத்துக்காக இருந்தாலும் தவறு. அவருக்கு என்ன ஒவ்வாமை, என்ன மருந்து எடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது, அவருடைய சம்மதமும் இல்லை. வசிய எண்ணெய் என்றால் உங்கள் மணிக்கட்டில் பூசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டில் சீட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: சேர்த்த ஒவ்வொரு சரக்கும் அதன் எடையும், அடிப்படை எண்ணெய், தொடங்கிய நாள், வடித்த நாள், பிறை, நோக்கம். அதோடு தோலுக்கா, வர்த்திக்கு மட்டுமா என்று பெரிய எழுத்தில். பழைய மெழுகு வண்ணக்கட்டி வாடை வந்தால் எண்ணெய் முடிந்தது, அதன்மேல் புது எண்ணெயை ஊற்றாதீர்கள், புதியதும் சேர்ந்து கெடும்.