வரைபட மேசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை வைத்து எங்கள் கல்லூரியில் ஒரு நாள் ஹேக்கத்தான் நடத்தினோம். 40 பேர், ஒரே வைஃபை. காலை 11 மணிக்கெல்லாம் அந்தத் தரவைக் கேட்டு வாங்கும் ஓவர்பாஸ் சேவை ‘429’ என்று பிழை காட்ட ஆரம்பித்துவிட்டது. இன்டர்நெட் வேகம் போதவில்லையா?
– மாணவி, பர்கூர்

பதில்: வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்பதுதான் 429. ஓவர்பாஸ் பொது சர்வர் ஒரு ஐபி முகவரிக்கு ஒரே நேரத்தில் சில கேள்விகளுக்குத்தான் இடம் கொடுக்கும். உங்கள் 40 கணினியும் ஒரே ரௌட்டர் வழியாகப் போவதால், சர்வர் கண்ணுக்கு அத்தனையும் ஒரே ஆள். இன்னும் வேகமான லைன் போட்டாலும் இதே கதைதான்.

முந்தைய நாளே தரவை இறக்கிவிடுங்கள். ஜியோஃபாப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென் மண்டலக் கோப்பு கிடைக்கும். ஆஸ்மியம் கருவியில் 77.4, 11.7, 78.8, 13.0 என்று எல்லை கொடுத்து வெட்டினால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் அடங்கிவிடும். ஓரத்தில் சேலமும் கர்நாடகமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், பரவாயில்லை. ஆஸ்மியம் கேட்கும் வரிசை மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு. ஓவர்பாஸ் கேட்பது தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு. அதே எண்களை அப்படியே அங்கே ஒட்டினால் பிழை எதுவும் காட்டாது. பஸ் நிறுத்தம் ஒன்றுகூட இல்லாத வெறும் விடை வரும். பாதிக் குழுக்கள் இதிலேயே ஒரு மணி நேரத்தைத் தொலைக்கும்.

வெட்டிய கோப்பிலிருந்து ஏரி, பஸ் நிறுத்தம், சுகாதார நிலையம் என்று தனித்தனி ஜியோஜேசன் கோப்பு (இடங்களின் விவரத்தை எழுதிவைக்கும் வடிவம்) ஆக்கி, பென்டிரைவில் ஒவ்வொரு குழுவுக்கும் கொடுங்கள். பின்னணி வரைபடத்தின் சதுரத் துண்டுகளான டைல்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சர்வரிலிருந்து மொத்தமாக இறக்கி வைக்க அனுமதி இல்லை. ஆஃப்லைனில் வேண்டுமென்றால், வெட்டிய அதே கோப்பைப் பிளானெட்டைலர் என்ற கருவியில் போட்டு நீங்களே டைல் செய்துகொள்ளலாம்.

ஊர் தேடும் நாமினாட்டிம் பொது சர்வரில் ஒரு செயலி முழுவதுக்கும் சேர்த்து நொடிக்கு 1 கேள்விதான். எழுத்து தட்டத் தட்டப் பெயர் காட்டும் வசதியை அதன்மேல் கட்டுவதற்குத் தடையே உண்டு. ஹேக்கத்தானில் எல்லாரும் முதலில் கட்ட ஆசைப்படுவது அதைத்தான்! ஊர்ப் பட்டியலைக் கோப்பிலிருந்தே எடுத்து அதற்குள் தேட வையுங்கள். இரண்டு மாவட்டத்துக்கு அது தாராளம்.

கேள்வி: இணையப் பக்கத்தில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் நிரலில் தர்மபுரிக்குப் புள்ளி வைத்தேன். வடதுருவம் பக்கம் கடலில் விழுகிறது!
– வாசகர், பாலக்கோடு

பதில்: லீஃப்லெட்டுக்கு அட்சரேகை முதலில்: 12.13, 78.16. ஜியோஜேசனுக்குத் தீர்க்கரேகை முதலில். இரண்டையும் மாற்றியதால் புள்ளி ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் பக்கம் போய்விட்டது.

கேள்வி: வரைபடம் காட்டும் இன்னொரு நிரலான மேப்லிப்ரேயில் ‘பென்னாகரம்’ உடைந்து தெரிகிறது. ஒற்றைக் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் நிற்கிறது. எழுத்துரு கோளாறா?
– மென்பொருள் பணியாளர், ஓசூர்

பதில்: எழுத்துரு சரிதான். யூனிகோடில் ‘ப’ முதலில், கொம்பு அடுத்து என்றுதான் சேமிக்கப்படுகிறது; காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. உங்களிடம் உள்ள பதிப்பு அதைச் செய்யாமல் குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்குகிறது. பெயரை வரைபட அடுக்கில் எழுதாமல் எச்டிஎம்எல் மார்க்கராக வையுங்கள். பிரவுசரே ஒழுங்காகக் கோத்துவிடும். ஆனால் நூற்றுக்கணக்கில் வைத்தால் போனில் நகர்த்தும்போது திணறும். தொலைவில் பார்க்கும்போது தாலுகா தலைநகரங்கள், நெருங்கினால் கிராமங்கள் என்று பிரித்துக் காட்டுங்கள்.

கேள்வி: அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மலைக் கிராமங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் சேர்க்க ஒரு கூட்டம் போடுகிறோம். கூகுள் மேப்பைப் பார்த்து வரையலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: கூடாது, உரிமச் சிக்கல். பிரவுசரிலேயே வரைபடத்தைத் திருத்தும் ஐடி (iD) எடிட்டருக்குள் வரும் பிங், எஸ்ரி செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரையலாம். மலைப்பக்கம் படம் சில மீட்டர் தள்ளியிருக்கக்கூடும். ஜிபிஎஸ் தடம் ஒன்றை மேலே போட்டு, படத்தை நகர்த்திச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாரும் கணக்கை வீட்டிலேயே தொடங்கி வரட்டும். ஒரே இணைப்பிலிருந்து பல கணக்குகள் திறந்தால் தடை விழலாம். இருவருக்கு ஒரு குக்கிராமம் என்று பிரியுங்கள். ஒரே சாலையை இருவர் திருத்தினால், இரண்டாவதாகச் சேமிப்பவருக்கு முரண் வந்து நிற்கும். களத்துக்கு, அங்கங்கே உள்ள இடங்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற போன் செயலி போதும். சிக்னல் உள்ள இடத்திலேயே பகுதியை இறக்கிக்கொண்டால், மேலே சிக்னல் இல்லாமலும் பதில்களைச் சேர்த்துவைக்கும். இறங்கி வந்து அனுப்பலாம். தமிழ், தெலுங்கு, கன்னடப் பெயர்களைக் கோடு போட்டு ஒரே கட்டத்தில் திணிக்காதீர்கள், மொழிக்கு ஒரு கட்டம் உண்டு.

புதியவர்கள் மண் சாலை என்றாலே சாலை வகையை ‘டிராக்’ என்று போட்டுவிடுகிறார்கள். அது வயலுக்கும் காட்டுக்கும் போகும் தடத்துக்கு. ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலை மண்ணாக இருந்தாலும் ‘அன்கிளாசிஃபைடு’. மண் என்பதை மேற்பரப்பு விவரத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். டிராக் என்றிருந்தால் பல வழிகாட்டிச் செயலிகள் காரை அந்தப் பக்கமே விடாமல் சுற்றி அனுப்பும்.