இரண்டாகப் பிரியாத புள்ளி

வணக்கம் ஐயா,

வேதியியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக ரெசிமிக் ஐபுப்ரோஃபெனை, அதாவது இரண்டு வடிவமும் சரிபாதியாகக் கலந்த வலிநிவாரணியை, டிஎல்சியில் (மெல்லிய படலம் பூசிய தகட்டில் பொருள்களைப் பிரிக்கும் முறை) இரண்டு எனான்ஷியோமர்களாக (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வடிவங்கள்) பிரிக்க முயல்கிறேன். எல்-ஆர்ஜினைனைத் தண்ணீரில் கரைத்து, ரெடிமேட் சிலிக்கா ஜெல் தகட்டின் மேல் தெளித்து, காயவைத்து, அசிட்டோநைட்ரைல், மெத்தனால், தண்ணீர் கலவையில் ஓட்டினேன். நின்ஹைட்ரின் அடித்ததும் தகடு முழுக்க ஊதாவாகிவிட்டது. இன்னொரு தகட்டை அயோடினில் வைத்தேன். நீளமாக இழுத்துக்கொண்டு ஒரே புள்ளி. "இதற்கெல்லாம் கைரல் எச்பிஎல்சிதான்" (இடக்கை, வலக்கை வடிவங்களைப் பிரிக்கும் உயர் அழுத்தத் திரவக் கருவி) என்கிறார் வழிகாட்டி. டிஎல்சியால் உண்மையிலேயே முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

முடியும். முதலில் அந்த ஊதாத் தகட்டைப் பேசி முடித்துவிடுவோம். நின்ஹைட்ரின் அமினோ அமிலங்களைக் காட்டிக்கொடுக்கும் பொருள். நீங்கள் தகடு முழுக்கப் பூசி வைத்திருப்பதே ஓர் அமினோ அமிலம்தான். அப்புறம் ஊதாவாகாமல் என்ன செய்யும்? ஐபுப்ரோஃபெனில் அமினோ தொகுதியே கிடையாது என்பதால் நின்ஹைட்ரினால் பயனுமில்லை. அயோடின் ஆவியோடு நில்லுங்கள்.

இனி ஒற்றைப் புள்ளி. ஆர், எஸ் இரண்டு வடிவங்களுக்கும் உருகுநிலை ஒன்று, கரைதிறன் ஒன்று, சிலிக்காவோடு ஒட்டும் வலுவும் ஒன்று. வந்து நிற்பது இடது காலா வலது காலா என்று தரைக்குத் தெரியாது, செருப்புக்குத் தெரியும். ஆர்ஜினைன்தான் இங்கே செருப்பு. ஆனால் அது தகட்டில் இருந்தால் மட்டும் போதாது, ஐபுப்ரோஃபெனோடு நெருங்கிச் சேரவும் வேண்டும். கைரல் துணை, அதாவது ஆர்ஜினைன் போல இடது வலது வித்தியாசம் உள்ள துணைப்பொருள், ஒரு மூலக்கூறின் கையை அடையாளம் காண மூன்று இடங்களிலாவது அதைத் தொட வேண்டும் என்று 1952-இல் டால்க்லீஷ் என்ற ஆய்வாளர் விளக்கினார். (அவர் பிரித்தது அமினோ அமிலங்களை, வெறும் காகிதத்தில். காகிதத்தின் செல்லுலோஸே ஒரு கைரல் பொருள் என்பதால் தனியாக எதையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.)

உங்கள் சோதனை சறுக்கிய இடம் இந்தச் சேர்க்கைதான் என்பது என் ஊகம். ஐபுப்ரோஃபென் ஓர் அமிலம், பிகேஏ (பாதி அயனியாகும் பிஎச்) 4.5 அளவில். பிஎச் அதற்கு மேலே போனால் எதிர்மின் அயனியாக நிற்கும். அதைப் பிடித்துக்கொள்ள ஆர்ஜினைன் நேர்மின் அயனியாக இருக்க வேண்டும். ஆர்ஜினைனின் சமமின் புள்ளி, அதாவது நிகர மின்சுமை பூஜ்யமாகும் பிஎச், 10.8-ஐ ஒட்டி வரும். வெறும் தண்ணீரில் கரைத்தால் அந்தக் கரைசலின் பிஎச்சும் ஏறக்குறைய அங்கேதான் போய் நிற்கும், அதாவது நிகர மின்சுமை பூஜ்யத்துக்குப் பக்கத்தில். சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு 6, 7-க்குக் கொண்டுவந்து பாருங்கள். பிரிக்க வேண்டிய மருந்து ப்ரொப்ரனலால் மாதிரி காரமாக இருந்தால் கணக்கு தலைகீழ்: அஸ்பார்ட்டிக் அமிலம் போன்ற அமிலத் துணை வேண்டும்.

தெளிப்பதை விட்டுவிடுங்கள். எவ்வளவு நிதானமாக அடித்தாலும் ஒரு பக்கம் திட்டாக விழும், இன்னொரு பக்கம் வெறுமையாக இருக்கும். தண்ணீர் கலந்த கரைப்பான் மேலே ஏறும்போது ஆர்ஜினைனையும் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும். புள்ளி நீளமாக இழுத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், மாதிரியை அதிகமாக வைத்ததும் காரணமாக இருக்கலாம். தகட்டை நீங்களே பூசுவது நல்லது. 100 மில்லி தண்ணீரில் அரை கிராம் ஆர்ஜினைன், பிஎச் சரிசெய்தபின் 50 கிராம் சிலிக்கா ஜெல் ஜி. கூழாகக் கலக்கிக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, 60 டிகிரியில் இரவு முழுக்கக் காயவிடுங்கள். ரூர்க்கி ஐஐடியில் ரவி பூஷண் குழுவினர் இப்படி கூழிலேயே கைரல் பொருளைக் கலந்து பல மருந்துகளையும் அமினோ அமிலங்களையும் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த வகைக் கட்டுரைகளைப் படிக்கும்போது வெப்பநிலைக் குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சில டிகிரி மாறினாலே இரண்டு புள்ளி ஒன்றாகிவிடும் சேர்மங்கள் உண்டு. தொட்டியை மேசை மேல் வைத்து ஓட்டாமல் இன்குபேட்டருக்குள் வைத்து ஓட்டுங்கள்.

சரி, இரண்டு புள்ளி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே துள்ள வேண்டாம், ஒன்று மாசாக இருக்கலாம். பக்கத்திலேயே தூய எஸ்-ஐபுப்ரோஃபெனை ஓட்டுங்கள். அது இரண்டில் ஒன்றோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்ஜினைன் இல்லாத தகட்டில் அதே கலவை ஒரே புள்ளியாக நிற்க வேண்டும். கொஞ்சம் டி-ஆர்ஜினைன் கிடைத்தால் அதையும் ஏற்றிப் பாருங்கள்: மேலே இருந்தது கீழேயும் கீழே இருந்தது மேலேயும் போக வேண்டும். இந்த இடமாற்றத்தைப் பார்த்தபின் எந்தத் தேர்வாளரும் வாயைத் திறக்க மாட்டார். ஏனோ இதைப் பலர் செய்வதே இல்லை.

விற்பனைக்கு வரும் கைரல் தகட்டை யாராவது சிபாரிசு செய்தால் யோசித்து வாங்குங்கள். 1984-இல் குந்தரும் சகாக்களும் வெளியிட்ட முறையை ஒட்டி வந்தது அது. சி18 தகட்டில் (நீண்ட கார்பன் சங்கிலிகள் ஒட்டிய சிலிக்கா) செம்பு அயனியும் நீண்ட வால் கொண்ட ஒரு ஹைட்ராக்ஸிப்ரோலின் சேர்மமும் ஏற்றப்பட்டிருக்கும். செம்பை இரண்டு பக்கமும் பிடிக்கக்கூடிய ஆல்ஃபா அமினோ அமிலங்களுக்கு அருமையான தகடு. ஐபுப்ரோஃபெனுக்கு அப்படிப் பிடிக்க இரண்டாவது கை இல்லை.

உங்கள் வழிகாட்டி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு சதவீதத்துக்கும் கீழே கலந்திருக்கும் தவறான எனான்ஷியோமரை அளந்து எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் எச்பிஎல்சிக்குத்தான் போக வேண்டும். ஆனால் நான்கு துணைப்பொருள்களில் எது வேலை செய்யும் என்று தேட எச்பிஎல்சியின் விலையுயர்ந்த பிரிப்புக் குழாய் எதற்கு? நான்கு தகடு போதும், ஒரே மதியத்தில் ஓட்டிவிடலாம். முதலில் பிஎச்சை மட்டும் மாற்றிப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஓட்டும்போது தொட்டியின் வெப்பநிலையையும் குறித்து வைத்து, தகட்டின் படத்தோடு அனுப்புங்கள்.