ரியல் எஸ்டேட் தரகர் சங்கத்துக்கு நன்கொடை சேரவில்லை, உறுப்பினர் செய்தியையும் யாரும் படிப்பதில்லை. என்ன செய்யலாம்?

சென்னைப் புறநகரில் உங்கள் பகுதித் தரகர்கள் சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறீர்கள். மழை நிவாரணத்துக்கு இரண்டு முறை கேட்டும் பணம் சேரவில்லை, மாதாமாதம் அனுப்பும் உறுப்பினர் செய்தியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மடிப்பாக்கம் வட்டாரத்தில் இதே போன்ற ஒரு சிறிய சங்கத்துக்கு 2014 முதல் நான் பொருளாளர். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. உங்கள் உறுப்பினர்களுக்கு ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியவில்லை. அது தெரியத் தொடங்கினால் செய்தியும் படிக்கப்படும், பணமும் வரும்.

எங்கள் செய்தித்தாளும் முதலில் உங்களுடையதைப் போலத்தான் இருந்தது. ஒரே தாள், இரண்டு பக்கம், ஜெராக்ஸ். நிர்வாகக் குழுக் கூட்டம் இனிதே நடைபெற்றது, தலைவர் குத்துவிளக்கு ஏற்றினார், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது, சந்தா பாக்கி உள்ளவர்கள் உடனே செலுத்தவும். இதைக் கையில் வாங்கியவர்கள் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். பின்பக்கத்தில் வாடகை வீட்டு விவரம் குறித்துக்கொள்ள உதவும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை வெள்ளத்தில் அது மாறியது. ஊர் முழுக்க அடையாற்றையும் செம்பரம்பாக்கத்தையும் பற்றிப் பேசியது. எங்கள் பக்கத்து வெள்ளத்தின் வழி வேறு. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி, நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் போக இடமில்லாமல் தெருக்களில் நின்றது. ராம் நகர்ப் பக்கம் தரைத்தள வீடுகளில் கட்டில் மட்டத்துக்கு நீர். மின்சாரம் இல்லை. செல்போன் நினைத்தால் கிடைத்தது, நினைத்தால் போனது. சங்கத்தின் கையிருப்பில் ஒரு நாள் சாப்பாட்டுக்கும் போதாத தொகைதான் இருந்தது.

அன்று இரவு எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த பிளாஸ்டிக் பையில் சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியிலும் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிக் கட்டிய சிறு துண்டு. அதில் நீலப் பேனாவில் தெரு, மாடி, வீட்டுக்காரர் பெயர், அவருடைய வெளிநாட்டு எண். "தம்பி, இதில் ஆறு வீடு இரண்டாவது மாடிக்கு மேலே. எல்லாம் காலி. இரண்டு பேரிடம் பேசிவிட்டேன், திறந்துவிடச் சொல்லிவிட்டார்கள். மற்ற நாலு பேருக்கு நீ முயற்சி செய்" என்றார்.

தரகர்களிடம் எப்போதும் இருப்பது இதுதான். வாடகைக்குக் காட்டுவதற்காக ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சாவி எங்களிடம் இருக்கும். எந்த மாடியில் தண்ணீர் ஏறாது, எந்தத் தெருவில் மோட்டார் இல்லாமல் கிணற்றில் இறைக்கலாம், எந்த வீட்டில் படி ஏற முடியாத பெரியவர் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் தொழிலோடு சேர்ந்து வந்த அறிவு. ஆறு வீடுகளையும் திறந்தோம். விடிவதற்குள் எல்லா அறைகளிலும் ஆட்கள். யாரோ குக்கர் கொண்டு வந்தார்கள், யாரோ பாதி சிலிண்டர்.

தண்ணீர் வடிந்த பிறகு அந்த மாதச் செய்தித்தாளை நான் எழுதினேன். குத்துவிளக்கு இல்லை, பொன்னாடை இல்லை. யார் சாவி கொடுத்தார், எந்த வீட்டுக்காரர் எந்த ஊரிலிருந்து சம்மதம் சொன்னார், யார் மூன்று நாள் பால் பாக்கெட் சுமந்தார், எந்த உறுப்பினரின் சொந்த வீட்டிலேயே பீரோ வரை நனைந்துபோனது என்று பெயர் பெயராக எழுதினேன். நன்கொடை வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அந்த வாரம் உறுப்பினர்கள் தாங்களாகவே கடைக்கு வந்து பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பீரோ நனைந்தவரின் மகள் பள்ளிச் சான்றிதழ்களுக்கு நகல் வாங்கும் அலைச்சலை ஒருவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். "இவ்வளவு நாள் பக்கத்துத் தெருவில் தொழில் செய்கிறேன், அவருக்குப் பெண் இருப்பதே எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

அடுத்த ஆண்டு நிலைமை தலைகீழ். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது 2017 மே மாதம். இடைப்பட்ட மாதங்களில் எங்களில் பலருக்கு ஒரு கிரயம்கூட நடக்கவில்லை. தடை சரியானது என்றே நினைக்கிறேன். ஏரிப் புறம்போக்கிலும் வடிகாலிலும் கல் நட்டு விற்ற மனைகளால்தான் 2015-இல் அவ்வளவு அவதிப்பட்டோம். ஆனாலும் வருமானம் நின்றவர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டுமே.

அப்போது மாதச் சந்தாவை நிறுத்திவிட்டு ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். யாருக்குக் கிரயம் முடிகிறதோ அவர் அன்றைக்கே நூறு ரூபாய் போட வேண்டும். வாடகை முடித்தால் ஐம்பது. கிரயம் இல்லாத மாதம் ஒன்றும் வேண்டாம். உண்டியல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அருகில் உள்ள பத்திர எழுத்தர் கடையில் இருக்கும். கைரேகை வைத்த மை காய்வதற்குள் காசு விழுந்துவிடும், ரசீதும் கிழிந்துவிடும். இருப்பவர் கொடுக்கிறார், இல்லாதவர் தலைகுனிய வேண்டியதில்லை. இன்று வரை எங்கள் நிதியில் பெரும் பகுதி இந்தக் கிரயக் காசுதான். உங்களுக்கு ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். நீங்கள் கார்த்திகையில் மழை கொட்டும்போது கேட்டிருக்கிறீர்கள். ஆடியில் வீடு மாறுபவர்கள் இல்லை; ஆடிப்பெருக்கு நாளைத் தவிரப் பதிவும் மந்தம். மார்கழியும் அப்படியே. மழைக்காலத்தில் வீடு பார்க்க யார் வருவார்கள்? தரகரின் கை காய்ந்திருக்கும் நேரம் அது. ஆவணியிலும் தை, மாசியிலும் கையில் காசு புழங்கும். ஆகவே மழைக்கான நிதியை ஆவணியிலேயே திரட்டி வங்கியில் போட்டுவிடுங்கள்.

பொதுமக்களிடம் வசூல் வேண்டாம். நம்மைப் புரோக்கர் என்று சொல்லும்போது பலருடைய குரலில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். சில பேர் செய்த தவறுக்கு எல்லாரும் சுமக்கும் பெயர் அது. வீட்டுக்கு வீடு ரசீதுப் புத்தகத்தோடு போனால் அந்தச் சந்தேகம்தான் வளரும். உறுப்பினர் காசிலேயே செய்யுங்கள், சிறிதாக இருந்தாலும்.

கட்டுமான நிறுவனங்களிடமும் எச்சரிக்கை தேவை. ஒருமுறை ஒரு நிறுவனம் எங்கள் ரத்த தான முகாமின் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டது. பதிலுக்குப் பந்தலில் அவர்களுடைய புதிய மனைப்பிரிவின் பேனர். பேனரில் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லை. அப்போது அது எங்கள் கண்ணில் படவில்லை. பதிவு பெற வேண்டிய திட்டத்துக்குப் பதிவு இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது, தரகர் அதன் விற்பனைக்கு உதவவும் கூடாது என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். முகாமுக்கு வந்த ஒருவர் சங்கத்தை நம்பி முன்பணம் கட்டிவிட்டு, பிறகு எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். தொகையைத் திரும்ப வாங்கித் தர ஏழு மாதம் அலைந்தோம். அதன் பிறகு பேனர் கேட்கும் பணத்தை வாங்குவதில்லை.

கணக்கு விஷயம் சுருக்கமாக. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். குறைந்தது ஏழு பேர் போதும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சங்கத்தின் பெயரில் பான் அட்டை, இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு. பணம் அனுப்பும் கியூஆர் குறியீடு அந்தக் கணக்குக்கு உரியதாகவே இருக்கட்டும். செயலாளரின் சொந்த எண்ணுக்கு வாங்கினால் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் கேள்வி வரும். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) அங்கீகாரம் பெறாதவரை வரிச்சலுகை கிடைக்கும் என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். வரிச்சலுகை வேண்டும் என்று பெரிய தொகை கொடுப்பவரை முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு நேரடியாக அனுப்பச் சொல்லிவிடுங்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு அதற்கு முழு விலக்கு உண்டு. அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

கொடுத்தவர் பெயரைச் செய்தித்தாளில் போடுவதா என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. மொய் நோட்டுப் பழக்கம் நம் ரத்தத்தில் இருக்கிறது; பெயரும் தொகையும் எழுதப்பட வேண்டும், திருப்பிச் செய்ய வேண்டும். அதன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயர் வரும், தொகை வராது. தொகைப் பட்டியல் எங்கள் கடையில் இருக்கிறது, எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம். நூறு போட்டவர் பெயரும் ஐயாயிரம் போட்டவர் பெயரும் அகர வரிசையில் அடுத்தடுத்து வரும்போது நூறு போட்டவர் அடுத்த மாதமும் போடுகிறார்.

உறுப்பினர் செய்தியில் நான் செய்த ஒரு பெரிய பிழையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் உறுப்பினர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவச் செலவுக்கு உதவ வேண்டும் என்ற அவசரத்தில் அவரைக் கேட்காமலே விவரமாக எழுதிவிட்டேன். பணம் நன்றாகவே சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் மனைவி வாங்கிக்கொண்டார், அவரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். "படுத்துவிட்டார் என்று எழுதிவிட்டீர்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்" என்றார் அந்த அம்மா. செய்தித்தாள் ஏதோ ஒரு கடையிலிருந்து வெளியே போயிருக்கிறது. சாவி போனால் தரகருக்குத் தொழில் போனதாக அர்த்தம். நான் போய் அந்த வீட்டுக்காரர்களிடம் பேசினேன். ஒருவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார், ஒருவர் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து உடல்நலம், கடன், குடும்பச் சிக்கல் எதுவானாலும் எழுதிய வரிகளை உரியவரிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே அச்சுக்கு. எழுத வேண்டாம் என்றால் இரண்டு மூன்று பேர் மட்டும் நேரில் பேசி உதவி சேர்க்கிறோம்.

மகிழ்ச்சியான செய்திகளுக்கு இந்தக் கவலை இல்லை. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் தேறியது, கிரகப்பிரவேசம், சொந்தமாக அலுவலகம் திறந்தது, எல்லாவற்றையும் போடுங்கள். கூடவே தொழிலுக்கு உதவும் ஒரு வரியும் மாதந்தோறும் இருக்கட்டும். தரகருக்கான ரெரா பதிவு ஐந்தாண்டுகளுக்குத்தான் செல்லும். 2017, 2018-இல் பதிவு செய்தவர்கள் பலர் 2022, 2023-இல் காலாவதி ஆனதைக் கவனிக்கவே இல்லை. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் ஐந்து சதவீதம் வரை அபராதம் உண்டு. யாருக்கு எந்த மாதம் முடிகிறது என்று பெயரோடு போடத் தொடங்கிய பிறகு, தாளைக் கையில் வாங்கியவர்கள் முதலில் அந்த இடத்தைத்தான் தேடுகிறார்கள். அதைத் தேடும்போது மற்றதும் கண்ணில் படுகிறது.

சாவிப் பட்டியலை இப்போது முறையாகவே வைத்திருக்கிறோம். 2015-இல் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று திறந்த ஒரு வீட்டின் உரிமையாளர் மிகவும் வருந்தினார். அவர் வருத்தம் நியாயமானது. அதனால் புரட்டாசிக் கடைசி வாரத்தில் காலி வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, மழையில் தேவைப்பட்டால் திறக்கலாமா, எத்தனை பேர், எத்தனை நாள், எந்த அறையைப் பூட்டி வைக்க வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஒன்பது வீடுகள் அந்தப் பட்டியலில் இருந்தன. டிசம்பர் 4-ஆம் தேதி காலையில் முதல் வீட்டைத் திறந்தவர், பக்கவாதத்திலிருந்து எழுந்து இடது கையால் பூட்டைத் திறக்கப் பழகிக்கொண்ட அந்த உறுப்பினர்தான். அதை அவரிடம் படித்துக் காட்டிவிட்டு அந்த மாதத் தாளில் முதல் செய்தியாகப் போட்டேன்.