செடி வைத்த மீன்தொட்டியில் மீனை எப்போது விடலாம்?

செடி நட்டுத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஆகிறது, மீன் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம். தண்ணீர் தெளிந்திருந்தாலும் தொட்டி தயாராகவில்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும் (இதுவும் விஷம்தான்), அப்புறம் அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மீன் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள்; அது அழுகி வரும் அம்மோனியாதான் அந்த பாக்டீரியாக்களுக்கு உணவு. டெஸ்ட் கிட்டில் (தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி) அம்மோனியா உயர்ந்து, பிறகு அதுவும் நைட்ரைட்டும் 0-க்கு இறங்கியதும் நாலைந்து சிறு மீன்கள் மட்டும் விடுங்கள். நான் அவசரப்பட்டு விட்ட நியான் டெட்ராக்கள் ஒரே வாரத்தில் செத்துப்போயின. இன்றும் வருத்தமாக இருக்கிறது.

விளக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும், கூடினால் பாசி பிடிக்கும். ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ச்செடி வைத்திருந்தால் அதன் கிழங்கை மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லில் நூலால் கட்டுங்கள்.