ஃபைபர் அறுந்தால் நாற்பது நொடி: ரவுட்டர் கேள்வி-பதில்

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட், சேலம் ஐந்து ரோட்டில் ஆபீஸ். நடுவே ஒரு ஃபைபர் (மீடியா கன்வெர்ட்டர் வழியாக), ஒரு ரேடியோ லிங்க், இரண்டிலும் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை). ஃபைபர் அறுந்தால் ரேடியோவுக்கு மாற 40 நொடி ஆகிறது. ரவுட்டர் பழசாகிவிட்டதா?

பதில்: ரவுட்டர் பாவம், அதற்குச் சேதியே போவதில்லை. உங்கள் ஃபைபர் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் ஒளியைச் சாதாரண நெட்வொர்க் வயருக்கு மாற்றும் பெட்டி) வழியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் விஷயம்: மலைப்பாதையில் கேபிள் அறுந்தாலும் கன்வெர்ட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள ஒரு முழ வயர் நன்றாகத்தான் இருக்கிறது, போர்ட்டில் விளக்கும் எரிகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து 10 நொடிக்கு ஒருமுறை வரவேண்டிய ஹலோ ('நான் இருக்கிறேன்' என்ற சிறு சேதி) 40 நொடி வராமல் போன பிறகுதான் ஆள் இல்லை என்று ரவுட்டர் முடிவு கட்டும். ஹலோவை 3 நொடி, டெட் டைமரை (ஹலோ வராமல் காத்திருக்கும் நேரம்) 12 நொடி ஆக்குங்கள். இரு முனையிலும் ஒரே எண், இல்லாவிட்டால் நெய்பரே (ஓஎஸ்பிஎஃப் பேசும் எதிர்ப்பக்க ரவுட்டருடனான உறவு) உருவாகாது. இரண்டு ரவுட்டரிலும் பிஎஃப்டி (எதிர்முனை இருக்கிறதா என்று மிக வேகமாகச் சோதிக்கும் வசதி) இருந்தால் அதுதான் மேல், ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும். ரேடியோ பக்கம் காஸ்ட்டை (வழிக்குத் தரும் எண், குறைந்ததே முதலில் தேர்வாகும்) ஏற்றி வைக்கவும் மறக்காதீர்கள்.

டைமரை மாற்றும்போது மலை மேலிருக்கும் ரவுட்டரை முதலில் மாற்றுங்கள். அதுவும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அல்ல, சேலம் ரவுட்டருக்குள் போய், அங்கிருந்து லிங்க்கின் எதிர்முனை ஐபிக்கு. அது நேரடி இணைப்பு, ஓஎஸ்பிஎஃப் விழுந்தாலும் நிற்கும். இது உறைக்காத காலத்தில், ரேடியோவும் அணைந்திருந்த ஒரு நாள், கீழே முதலில் மாற்றி, மேலே போகும் வழியை இழந்துவிட்டு ராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறியிருக்கிறேன்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கடை, அம்மாபேட்டையில் குடோன், ஆளுக்கொரு ரவுட்டர். ஓஎஸ்பிஎஃப் போடலாமா?

பதில்: எதற்கு? இருப்பதே ஒரு வழி. இரண்டு பக்கமும் ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைக்கும் நிலையான வழி) எழுதிவிட்டு வியாபாரத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஓமலூர் பக்கம் ஒரு லிங்க். ஓஎஸ்பிஎஃப் நெய்பர் எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே (விவரம் பரிமாறத் தொடங்கும் கட்டம்) நிற்கிறது, ஹலோ ஒழுங்காகத்தான் வருகிறது.

பதில்: எம்டியுவைப் (ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற வரம்பு) பாருங்கள். ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 1492 என்று இருக்கும். ஹலோவில் எம்டியு சொல்லப்படுவதில்லை, அதனால் அந்தக் கட்டம் தாண்டிவிடும். அடுத்து டேட்டாபேஸ் விவரம் பரிமாறும்போதுதான் இடிக்கும். எம்டியுவைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு கட்டளை உண்டு, போட்டால் நெய்பர் வந்துவிடும், பெரிய பாக்கெட் தொலைவது மட்டும் நிற்காது. எண்ணைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: இரண்டு கம்பெனியிடம் இன்டர்நெட் வாங்குகிறேன். பிஜிபி (தனித்தனி நெட்வொர்க்குகள் இன்டர்நெட்டில் வழி சொல்லிக்கொள்ளும் முறை) வேண்டும் என்கிறார்கள்.

பதில்: உங்களுக்கென்று சொந்த ஐபி வரிசையும் ஏஎஸ் எண்ணும் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) இருந்தால் சரி. நம் நாட்டில் அதை ஐஆர்ஐஎன்என்னில் (இந்த எண்களை வழங்கும் பதிவகம்) விண்ணப்பித்து வாங்க வேண்டும். ஐபிவி4-இல் 256 முகவரிக்குக் குறைந்த வரிசையை வெளியே பெரும்பாலும் ஏற்கவும் மாட்டார்கள். உங்களுக்கு இரண்டு டிஃபால்ட் ரூட் (தனி வழி எழுதாத எல்லாம் போகும் வழி) போதும், இரண்டாவதற்கு டிஸ்டன்ஸ் (குறைந்த எண் உள்ள வழியே முதலில்) அதிகம். ஆனால் போர்ட் விளக்கை நம்பாமல், வெளியே ஒரு முகவரிக்குப் பிங் போகிறதா என்று பார்த்து மாறும்படி வையுங்கள். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: ரிப் (பழைய ரூட்டிங் முறை) இன்னும் படிக்க வேண்டுமா?

பதில்: பரீட்சைக்கு மட்டும். 15 ஹாப் (ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது) தாண்டினால் 16, அதற்கு அர்த்தம் வழியில்லை.